மஞ்சள் ஒட்டாத அழைப்பிதழ்

ஆகஸ்ட் இருபத்தொன்று, புதன்கிழமை. ஆவணி ஐந்து.

வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்தேன். வாசல் தெளித்து ஒரு சின்னக் கோலம் போட்டேன். கணவருக்குக் காபி, எனக்குச் சுக்குத் தண்ணீர். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் என் டெமோ பையைக் கவிழ்த்தேன்.

இதை நான் தினமும் செய்வேன். பூதக்கண்ணாடி, அதைத் துடைக்கும் ஃபிளானல் துணி, ஸ்டீல் ஸ்கேல், செல்லோ டேப், மாதிரி அட்டைகள், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. ஒவ்வொன்றையும் துடைத்து, எடுத்த வரிசையிலேயே திரும்ப வைப்பேன்.

"சாமி சாமானக்கூட நீ இப்படித் தொடைக்கறதில்ல" என்றார் கணவர்.

"சாமி சாமான யாரும் வெலைக்குக் கேக்கறதில்லீங்களே" என்றேன்.

இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியத்துக்குத் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும். ஸ்கூட்டரை எடுத்தேன். லேசாகத் தூறல். அன்று மாலைக்குள் என் வேலை எந்த ஊரில் இருக்கப் போகிறது என்பது தெரிந்துவிடும் என்பதைத் தவிர, எல்லாம் எல்லா நாளையும் போலத்தான் இருந்தது.

தர்மபுரியா, டெண்டர் மேஜையா

சென்ற சில வாரங்களாகப் பழைய கதைகளாக எழுதிக்கொண்டிருந்தேன். இது ரொம்பப் பழைய கதை அல்ல. அதனால் பெயர்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வரி. நான் அச்சு இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள். மெஷினை ஓட்டிக் காட்டும் வேலையில் சேர்ந்து, விற்பனைக்கு வந்து, அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிக்கு மண்டல மேலாளராக இருந்தேன்.

இந்தப் பகுதிக்கென்று ஓர் அலுவலகம் வேண்டும் என்று கேட்டவளே நான்தான். சென்னையில் எங்கள் விற்பனைத் தலைவர் ராகவன் சார் சிரித்தார்.

"அங்க யாரும்மா நம்ம மெஷினை வாங்குவா? தக்காளியும் மாம்பழமும்தானே?"

"தக்காளி விக்கறவங்க வீட்லயும் கல்யாணம் நடக்கும் சார்."

அந்த ஒரு பதிலை நம்பி அலுவலகம் கொடுத்தார்கள். ஓர் அறை, ஒரு சர்வீஸ் இன்ஜினியர், நான். இன்ஜினியர் பெயர் ஜெரோம். முப்பது வயதுக்காரர். மெஷின் சரியாக ஓடினால் விசிலடிப்பார். ஓடாவிட்டால் அதனோடு கெஞ்சுவார்.

எங்கள் துருப்புச்சீட்டு ஒரு டிஜிட்டல் வார்னிஷ் மெஷின். கல்யாணப் பத்திரிகையை எப்போதும்போல அச்சடித்து இதில் விட்டால், கம்ப்யூட்டரில் நாம் வரைந்து கொடுத்த இடத்தில் கண்ணாடி போன்ற வார்னிஷைத் தெளிக்கும். உள்ளே இருக்கும் புற ஊதா விளக்கு உடனே அதைக் காயவைத்துவிடும். வெளியே வரும்போது மணமக்கள் பெயர் மேடாக நிற்கும், பிள்ளையாரின் தும்பிக்கை மினுங்கும். இந்த வேலைக்கு இதற்கு முன் வெளியூருக்கு அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். இப்போது ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

"வேண்டிய இடத்தில் மட்டும் வார்னிஷ்." நான் ஏறி இறங்கிய அச்சகங்களிலெல்லாம் சொன்ன வாக்கியம் இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த மெஷினைத் தர்மபுரியில் சாதிக் பாயின் அச்சகத்தில் சோதனைக்கு நிறுத்தியிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது அவருடைய அச்சகம். அப்பா காலத்திலிருந்து சுற்றுவட்டாரக் கல்யாணப் பத்திரிகைகளில் பெரும்பங்கு அங்கேதான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு முழு ஆர்டரை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

எங்கள் நிறுவனமும் கெடு வைத்துவிட்டது. புதன்கிழமை மாலைக்குள் கையெழுத்து வராவிட்டால் மெஷின் கோயம்புத்தூருக்குப் போகும். தர்மபுரி அலுவலகம் மூடப்படும். நான் சென்னையில் டெண்டர் பிரிவில் ஒரு மேஜைக்குப் போவேன்.

டெண்டர் பிரிவு மோசமான இடம் இல்லை. ஏ.சி. உண்டு. ஆனால் அங்கே மை வாசனை இருக்காது.

ஆள் வர்றாருங்களா?

மை வாசனை என்றதும் பொம்மிடி நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் விலகிப் போய்விட்டு வருகிறேன்.

பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பம் படித்து, வேலைக்குச் சேர்ந்த புதிது. பொம்மிடியில் ஓர் அச்சகத்துக்குப் போகச் சொன்னார்கள். ரயிலில் இறங்கி, மாதிரிக் காகிதக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"ஆள் பின்னால வர்றாருங்களா?"

"நான்தாங்க ஆள்."

"இல்லம்மா, மெஷின் ஓட்டிக் காட்டறவரு?"

"அதுவும் நான்தாங்க."

அவர் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். இரண்டு முனையையும் பிடித்து வளைத்து, காற்றுப் புகும்படி விசிறிப் பிரித்து, விளிம்பு தட்டி அடுக்கினேன். ஒட்டிக்கொண்ட தாள்கள் மெஷினில் இரண்டிரண்டாகப் போகாமல் இருக்கச் செய்கிற வேலை அது. அச்சகத்தில் நாலு நாள் இருந்தவர் கையில்தான் அந்தச் சத்தம் சரியாக வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உள்ளே திரும்பி, "அந்தச் சேரை எடுத்துப் போடு, டீ சொல்லு" என்றார்.

அன்று அவர் மெஷின் வாங்கவில்லை. ஆனால் நான் திரும்பிய ரயிலில் இருந்த சந்தோஷம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்து மனிதர்களுக்குக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் புதன்கிழமையும் அதேதான் நடந்தது.

ஒட்டாதுங்க என்றேன்

வாடிக்கையாளர் மாரண்டஹள்ளிக்காரர். முனிராஜ். தக்காளி மண்டி வைத்திருக்கிறார். மூத்த மகளுக்கு ஆவணிக் கடைசி முகூர்த்தம். ராகு காலம் முடிந்ததும் மனைவி லட்சுமம்மாவோடு வந்து இறங்கினார். லட்சுமம்மா கையில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பூ.

ஜெரோம் காலையிலேயே ஆர்டரில் ஒரு பங்கை வார்னிஷ் போட்டு அடுக்கி வைத்திருந்தார். மீதி அச்சடித்தபடியே வார்னிஷ் இல்லாமல் பக்கத்தில் இருந்தது. பத்திரிகை நடுவில் மடிக்கிற சந்தன நிற அட்டை. வடிவமைப்பு சென்னையிலிருந்து வந்தது. பார்க்கிறவர் கண் கூச வேண்டும் என்று முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் முழுக்க வார்னிஷால் மூடியிருந்தார்கள். அதற்கு மேலே பெயர்களும் பிள்ளையாரும் இன்னும் மேடாக. வெளிச்சத்தில் சாய்த்தால் தண்ணீரில் கிடப்பது போல இருந்தது.

முனிராஜ் வாயைத் திறந்தவர் மூடவில்லை. "என்னாங்க பாய் இது, நகைக்கடைப் பொட்டி மாதிரி இருக்குது!"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. செல்லோ டேப்பை ஒட்டிப் பிய்த்துக் காட்டினேன். ஒரு துளி மை வரவில்லை. நகத்தால் கீறிக் காட்டினேன். சாதிக் பாயின் டீயில் விரலை நனைத்துப் பத்திரிகையில் தேய்த்து, வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு துடை. புதிது போலவே இருந்தது.

"எண்ணெய்க் கை பட்டாலும் சரி, கொழம்பு சிந்துனாலும் சரி, எதுவும் ஒட்டாதுங்க" என்றேன்.

சாதிக் பாய் மேஜை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்து வெளியே வைத்தார். ஜெரோம் விசிலடிக்க ஆரம்பித்தார்.

அந்த அச்சகத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெண்கலக் கிண்ணம் இருக்கும். அதில் மஞ்சள் தூள். பத்திரிகை வாங்க வருகிறவர்கள் அங்கேயே தண்ணீர் விட்டுக் குழைத்து, முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்து எடுத்துப் போவார்கள். பாயின் அப்பா செய்து வைத்த ஏற்பாடு. அந்தக் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் வாரக்கணக்கில் டீ குடித்திருக்கிறேன்.

லட்சுமம்மா மஞ்சளைக் குழைத்தார். கிழக்கே பார்த்து நின்றார். மோதிர விரலால் தொட்டு, பத்திரிகையின் மேல் மூலையில் வைத்தார்.

மஞ்சள் நிற்கவில்லை. ஒரு மணியாகத் திரண்டு, மெதுவாக நழுவி, பிள்ளையாரின் காதுவரை போய் நின்றது.

பெயிண்ட் கடை விளம்பரமா?

லட்சுமம்மா முந்தானையால் துடைத்தார். பத்திரிகை புதிது போல ஆனது.

"சொன்ன மாதிரியே ஒட்டலீங்களே!" என்றார்.

"கொஞ்சம் கெட்டியாக் கொழைச்சுப் பாருங்க" என்றேன்.

கெட்டியாகக் குழைத்து வைத்தார். இந்த முறை நின்றது. சாதிக் பாய் மின்விசிறியை வைத்தார். காய்ந்தது. பத்திரிகையைத் தூக்கியதும் மஞ்சள் ஒரு வில்லையாக உரிந்து மேஜையில் விழுந்தது.

"மஞ்ச நிக்காத பத்திரிக்கைய எப்படிங்க கொலதெய்வத்து முன்னால வெக்கறது? இது எம் பொண்ணு கல்யாணமா, பெயிண்ட் கடை வெளம்பரமா?"

முனிராஜ் சமாதானம் சொல்ல முயன்றார். "பளபளன்னு இருக்குது பாரு லச்சுமி..."

"பளபளப்ப மண்டில வெச்சுக்க. நாளைக்கு விடிஞ்சா கோயிலுக்குப் போவணும். அங்கிருந்து ஏரியூர்ல எங்கண்ணன் வூட்டுக்குப் போவணும். தாய்மாமன் கையில மஞ்ச இல்லாத பத்திரிக்கையக் குடுத்தா, அவரு அதுலயே தக்காளி மடிச்சுத் திருப்பிக் குடுப்பாரு."

சாதிக் பாய் என்னைத் தனியே ஜன்னல் பக்கம் அழைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னார்.

"மேடம், மெஷின் நல்ல மெஷின். அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஊருக்கு வந்த மெஷின் இல்லீங்க."

அந்த நேரம் பார்த்து ராகவன் சார் போன்.

"வசந்தா, கையெழுத்து ஆச்சா?"

"மஞ்சள் ஒட்டலை சார்."

"மஞ்சள் மையா? மெஷின்ல கலரே கிடையாதேம்மா!"

"மை இல்ல சார். கல்யாண மஞ்சள்."

"சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அவர் பேசப்போவது மெஷினை ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பினேன். லட்சுமம்மா கணவரிடம் தெலுங்கில் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான். நானும் மாரண்டஹள்ளிப் பள்ளியில் படித்தவள், என் பெஞ்சில் பாதிப் பேர் தெலுங்கு பேசியவர்கள் என்பதால் எனக்கும் அது புரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது இதுதான்: "பாவம், அந்தம்மா மொகம் சுண்டிப் போச்சு. நீ ஒண்ணும் கத்தாத. நல்லாப் புளிச்சோறு சாப்பிட்டுட்டு வந்திருந்தா தெம்பா இருந்திருக்கும், பாரு எப்படி நிக்குது."

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு லட்சுமம்மா பக்கத்து அடுக்கிலிருந்து வார்னிஷ் போடாத ஒரு பத்திரிகையை எடுத்தார். மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தார். அட்டை அதை அப்படியே இழுத்துக்கொண்டது.

"இது நிக்குது பாருங்க. இந்த மொட்டப் பத்திரிக்கையே போதும் பாய். இதையே கட்டிக் குடுத்துருங்க."

நான் அந்த மஞ்சள் மூலையையே பார்த்தேன். இடது கையில் இன்னும் பளபளக்கும் பத்திரிகை. வலது பக்கம் மஞ்சள் நின்ற பத்திரிகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

வேண்டிய இடத்தில் மட்டும். ஊரெல்லாம் அதைச் சொல்லி விற்றுவிட்டு, இடம் பார்க்காமல் முழுக்க ஊற்றியிருக்கிறோமே!

"ஜெரோம், டிசைனைத் திறங்க. நாலு மூலையிலயும் வார்னிஷை எடுத்துருங்க."

பின்னாடி யாருக்கு?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வார்னிஷ் போடும் பழைய முறையான ஸ்கிரீன் பிரின்டிங்கில் இப்படி ஒரு மாற்றம் என்றால் சட்டத்தைக் கழற்றி, பழைய படத்தைக் கரைத்து, புதிது எடுத்துக் காயவைக்க வேண்டும். அன்றைய பொழுது முடிந்துவிடும். ஜெரோம் கம்ப்யூட்டரில் நான்கு வட்டம் போட்டு அழித்தார். அவ்வளவுதான். முனிராஜ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர், "அதுக்குள்ளவா?" என்று திரும்பி உட்கார்ந்தார்.

மொட்டை அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து மெஷினில் விட்டோம். பட்டையான ஊதா வெளிச்சம் ஒன்று நகர்ந்தது. அட்டை வெளியே வந்தது. நான்கு மூலையும் மங்கலாக, நடுவே எல்லாம் கண்ணாடி. நான் கைதட்டினேன், இந்த வயதில்.

லட்சுமம்மா வாங்கி, நடுவில் மடித்தார். முன்பக்கம் பார்த்தார். வலது பக்கம் இரண்டு மூலையும் மங்கலாக இருந்தன. இடது பக்கம் இரண்டும் பளபளத்தன. திருப்பிப் பார்த்தார். மற்ற இரண்டு மங்கல் மூலைகளும் பின்பக்கத்தில் இருந்தன.

விரித்த அட்டையின் நான்கு மூலைக்கு நாங்கள் வட்டம் போட்டிருக்கிறோம்! மடித்த பிறகு முன்பக்கத்தின் இடது மூலைகள் இரண்டும் அட்டையின் நட்டநடுவிலிருந்து, மடிப்பிலிருந்து வருபவை. டிப்ளமோ படித்தவளும் இன்ஜினியரும் பரம்பரை அச்சகக்காரரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

"முன்னாடி ரெண்டு எனக்கு, சரி. பின்னாடி ரெண்டு யாருக்கும்மா?" லட்சுமம்மா பின்பக்கத்து அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைக் காட்டினார். "அடிச்சுக் குடுத்த பாய்க்கா?"

சாதிக் பாய் சிரித்த சிரிப்பில் வெண்கலக் கிண்ணம் அதிர்ந்தது. "பரவால்லீங்க, எனக்கும் ரெண்டு மூல குடுத்துட்டாங்க! அடுத்தது தாம்பூலமும் வருமுங்களா?"

ஜெரோம் மெஷினிடம் "மன்னிச்சுக்கடா" என்றார். தப்பு மெஷினுடையது அல்ல.

சிரித்து முடித்ததும் பாயே நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன் போட்டார். அதுவரை அவர் அந்த மெஷினின் திரைப் பக்கம் வந்ததே இல்லை.

"வட்டம் வேண்டாம் தம்பி. வட்டமா வுட்டா, வார்னிஷ் போட மறந்துட்டாங்கன்னு ஜனங்க சொல்லும். வெத்தல மாதிரி ஒண்ணு போடுங்க. நுனி உள்பக்கம் பாக்கட்டும். பாத்தாலே மஞ்ச வெக்கற எடம்னு தெரியணும்."

ஜெரோம் வெற்றிலை வரைந்தார். பாய் காம்பை நீட்டச் சொன்னார். லட்சுமம்மா தன் தட்டிலிருந்த வெற்றிலையையே எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, "இப்படி வயிறு அகலமா இருக்கோணும், என் விரல் கொள்ளணும்ல" என்றார். முனிராஜ் எல்லாருக்கும் டீ சொன்னார். நான் ஓர் அட்டையை மடித்துப் பென்சிலால் முன்பக்க மூலைகளைக் குறித்து, விரித்து, வலது ஓரத்தில் இரண்டு, நடு மடிப்பை ஒட்டி இரண்டு என்று ஜெரோமிடம் காட்டினேன். இந்த முறை எல்லாரும் தலையைச் சாய்த்து, மனசுக்குள் மடித்துப் பார்த்துக்கொண்டோம்.

மறுபடியும் ஊதா வெளிச்சம் நகர்ந்தது.

லட்சுமம்மா மடித்தார். முன்பக்கத்தின் நான்கு மூலையிலும் நான்கு வெற்றிலை. மோதிர விரலால் மஞ்சளைத் தொட்டு முதல் வெற்றிலையின் நடுவில் வைத்தார்.

நின்றது.

நின்றது மட்டுமா! எப்போதும் ஈர மஞ்சள் அட்டையில் திட்டாகப் பரவும். இங்கே இலையைச் சுற்றி வார்னிஷ் வரப்பு போல உயர்ந்து நின்று, மஞ்சளை வெளியே விடவில்லை. காய்ந்தபோது சந்தன நிறத்தில் பொன்னால் வரைந்த வெற்றிலை போல இருந்தது. சென்னை வடிவமைப்பாளர் என்ன யோசித்தாலும் இது வந்திருக்காது.

"ஐயோ, அழகுடா சாமி!" என்றார் முனிராஜ்.

லட்சுமம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பேனா

பாய் பேனாவை எடுத்தார். உடனே போட்டுவிடவில்லை.

"மேடம், இன்னும் கொஞ்சம் கேக்கணும். குங்குமத்துக்கும் ஒரு எடம் வுடச் சொன்னா?"

"விடலாம் பாய்."

"ஜெரோம் தம்பி வூட்டுக் கல்யாணம் மாதிரி வந்தா, மூலை வேண்டாம், மூடுன்னா?"

"மூடிடலாம்."

"நம்ம வூட்டு நிக்காஹ் பத்திரிக்கைக்கு மேல பிறை மட்டும் எழும்பி நிக்கணும்னா?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு கோடுதான் பாய். ஆர்டருக்கு ஆர்டர் மாத்திக்கலாம்."

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல?"

"தெனமும் சொன்னேன். வேண்டிய இடத்தில் மட்டும்னு."

"நான் அத வெளம்பரம்னு நெனச்சேன்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார். பெரிய எழுத்தில், அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

ஜெரோம் விசிலடித்தார். மீதி அடுக்கு முழுவதும் வெற்றிலையோடு வெளியே வர ஆரம்பித்தது. முழுக்கப் பளபளத்த அடுக்கை முனிராஜ் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதெல்லாம் மண்டி ஆளுங்களுக்கும் பேங்குக்காரருக்கும். அவங்களுக்கு மஞ்சளாவது ஒண்ணாவது."

கிளம்பும்போது லட்சுமம்மா ஒரு பத்திரிகையின் நான்கு இலையிலும் மஞ்சள் வைத்து, தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். "மொதப் பத்திரிக்கை கொலதெய்வத்துக்குத்தான், தொட்டு மட்டும் கும்புட்டுக்கங்க. உங்களுக்குப் பேர் மட்டும் இன்னைக்கே எழுதிடறேன். குடும்பத்தோட வரணும்."

நான் தட்டைத் தொட்டுக்கொண்டு தெலுங்கில் சொன்னேன்: "கண்டிப்பா வர்றேங்க. பந்தியில புளிச்சோறு இருந்தாச் சொல்லுங்க, நல்லாச் சாப்பிட்டுத் தெம்பா நிக்கறேன்."

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏமய்யா, இந்தம்மாவுக்கு நம்ம பேச்சு தெரியும்! சொல்ல மாட்டியா?" என்று கணவரின் தோளில் ஓர் அடி. ஆட்டோ ஏறும்வரை அந்தச் சிரிப்பு தெருவில் கேட்டது.

ராகவன் சாருக்கு நானே போன் செய்தேன். கையெழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வெற்றிலையைச் சொல்லிவிட்டேன். அவர் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். திரும்பக் கூப்பிட்டார்.

"வசந்தா, இந்த டிசைனுக்கு என்ன பேர்?"

"மஞ்சள் மூலைன்னு வைக்கலாம் சார்."

"அந்த லாரியை நிறுத்தச் சொல்லிட்டேன். நீ அங்கயே இரு." பிறகு கேட்டார். "நான் கோயம்புத்தூர்ல எத்தனை மெஷின் கொடுத்தேன், எவனும் இதைச் சொல்லலையேம்மா?"

"அங்க வேற காகிதத்துல மஞ்சள் வச்சிருப்பாங்க சார். மெஷின் பத்திரிகையை அலமாரில வச்சிருப்பாங்க."

இன்று எங்கள் மென்பொருளில் அந்தப் பெயரிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் இன்ஜினியர்கள் அதை அழுத்தி, அட்டையின் நடுவில் இரண்டு இலையைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி என்று கேட்பார்கள். நான் ஓர் அட்டையைக் கொடுத்து, மடித்துப் பாருங்கள் என்பேன். நான் வகித்த பெரிய பதவிகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அவற்றைப் பற்றி எழுதும்போது இத்தனை சந்தோஷமாக எழுதுவேனா என்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். பாதிக் கதையில் அவர் ஒரு காகிதத்தை எடுத்து மடித்து, விரித்து, மூலைகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை கோலம் போட்டதும் முதல் வேலையாகத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் பால் பாக்கெட் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சத்தூள் ஒரு பாக்கெட் குடுங்க."

"கொழம்புக்குங்களா, பூசைக்குங்களா?"

"மெஷினுக்குங்க."

"ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே" என்றபடி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, செய்தித்தாளை விரித்து, டெமோ பையைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்து, எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன். செல்லோ டேப்புக்கும் கைக்குட்டைக்கும் நடுவில், ஒரு சின்ன டப்பாவில், மஞ்சளை வைத்தேன்.